அந்தோணியார் சபை டம்ளர்கள்

கம்பெனியில் மாநாடு என்று யாராவது வாயெடுத்தாலே இயேசுதாசனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பேச வருகிறவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் தின்றது, குடித்தது, கிழித்தது, கசக்கிப் போட்டது எல்லாம் மூன்றாவது மாடியில் அவருக்காகக் காத்துக் கிடக்கும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சாக்கைத் தோளில் போட்டு ஒவ்வொன்றாக இறக்க வேண்டியதுதான்.

பெயிண்ட் கம்பெனி அது. சுங்கை ரோடு கால்வாய்க் கரையில் கீழே கிடங்கு, நடுவில் ஆபீஸ், மேலே கூட்டம் போடுகிற ஹால். தேக்கா மார்க்கெட்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். இங்கேயும் மலேசியாவிலேயும் பெயிண்ட் விற்கிற கடைக்காரர்களை வருஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, புது வர்ணம் காட்டி, சோறு போட்டு, கைகுலுக்கி அனுப்புவார்கள். அதற்குப் பேர் மாநாடு.

போன வருஷ மாநாட்டில்தான் வினை வந்தது. சாப்பாடு வெள்ளை நுரைப் பெட்டியில், பானம் காகிதப் பெட்டியில், அதற்கு ஒரு உறிஞ்சுகுழல், கை துடைக்க ஒரு காகிதம், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு ஆளுக்கு இத்தனை. இயேசுதாசன் மூட்டை மூட்டையாக இறக்கிக் கரையோரம் அடுக்கிவிட்டுப் போனார். லாரி மறுநாள்தான் வரும். அதற்குள் ஒரு மழை, கூடவே ஒரு காற்று. நுரைப் பெட்டியெல்லாம் வாத்துக் கூட்டம் மாதிரி வரிசையாகக் கால்வாயில் மிதந்து போயின. நாடே ஆற்றைக் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு பெட்டி மூடியிலும் கம்பெனிப் பெயரைத் தங்க எழுத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள், கௌரவத்துக்காக. அதிகாரிகளுக்குத் தேடுகிற வேலையே இல்லை. ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மிதந்ததையெல்லாம் வலை போட்டுப் பிடித்ததும் இயேசுதாசன்தான். அது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்து ஈசூனில் இருக்கிற அவர் வீட்டுக்கு மகள் ஆனியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனின் அப்பா சூசைநாதன், செம்பவாங் கப்பல்தளத்தில் ஆட்கள் வரும் நேரம் போகும் நேரம் குறிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். கால்வாய்ச் சேறும் நாற்றமுமாக இயேசுதாசன் உள்ளே நுழைந்தபோது, அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"என்னங்க, உங்களுக்குக் குப்பை முக்கியமா, பொண்ணு முக்கியமா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆனி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் இயேசுதாசனுக்குள் ஆணியாக நின்றுவிட்டது.

ஆனாலும் சம்பந்தம் கூடி வந்தது. இந்த வருஷம் நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, ஓஃபிர் ரோடு கோயில் மண்டபம். பையன் கப்பலில் வேலை செய்கிறவன், அடுத்த வாரம் ஏறிவிடுவான், ஃபாதருக்கும் வேறு நாள் ஒழிவில்லை. இரண்டு வீட்டு அப்பாக்களும் ஃபாதர் முன்னால் நின்று தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நாள் குறித்து மை காய்வதற்குள் கம்பெனியில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். மாநாடு அதே சனிக்கிழமை. யாருக்கும் லீவு இல்லை.

"ஆறு மணிக்கு நீங்க அங்க நிக்கலேன்னா, என் தம்பியைத் தட்டு மாத்தச் சொல்லிருவேன்" என்றாள் மனைவி அல்போன்சம்மாள். "அப்புறம் என் மேல கோவிச்சுக்கப் பிடாது."

"வந்துருவேன்."

"அப்படித்தான் போன தரமும் சொன்னீங்க. குளிச்சிட்டு வாங்க. அதையும் சொல்லிட்டேன்."

இந்த வருஷ மாநாட்டை ஏற்பாடு செய்கிற பொறுப்பு சந்திரமதியிடம் வந்திருந்தது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி, சின்ன வயசு, ஜாலான் புசாரில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசும், அதட்டாது. டீ போடுகிற பூவம்மாவையும், வேன் ஓட்டுகிற அப்துல் அஜீஸையும், இயேசுதாசனையும் கேன்டீனில் உட்காரவைத்துப் பேசியது.

"இந்த வருஷம் மாநாடு முடிஞ்சதும் மிச்சம் இருக்கிற குப்பை ஒரே ஒரு தொட்டிக்குள்ள அடங்கணும். அந்தத் தொட்டியும் நிறையக்கூடாது. பாஸ் சொல்லிட்டாரு."

"ஆளுங்களைக் கூப்பிடாம விட்டா தொட்டியே வேணாம்லா மிஸ்" என்றார் அஜீஸ்.

"பாய், நீங்க சும்மா இருங்க" என்றாள் பூவம்மா. "மிஸ், நீங்க சொல்லுங்க."

சந்திரமதி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இயேசுதாசன் ஒரு கூட்டத்தைக் காது கொடுத்துக் கேட்டார். துணியில் பேனர் எழுதலாம், அதில் வருஷம் போட வேண்டாம், அடுத்த வருஷமும் அதையே கட்டலாம். எழுதிக்கொள்ள, பழைய விலைப்பட்டியல் தாளின் பின்பக்கம் போதும். சாப்பாட்டுக்காரன் பீங்கான் தட்டுக் கொண்டுவருவான், கழுவாமலே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். மிஞ்சிய சோற்றுக்கு, வேலைக்காரர்கள் ஆளுக்கொரு தூக்குப்பாத்திரம் கொண்டுவரட்டும்.

"பூவும் வாங்க வேணாம். சாயங்காலம் அதையும்தான் தூக்கிப் போடணும். வீட்டு வாசல்ல நீங்கள்லாம் தொட்டிச் செடி வெச்சிருக்கீங்கல்ல? அதைக் கொண்டாங்க. மேடையில வெச்சிட்டுத் திருப்பிக் குடுத்துரலாம்."

"என் கறிவேப்பிலை மேடை ஏறப் போவுது" என்றாள் பூவம்மா. "எனக்கே அந்தக் குடுப்பினை இல்லே."

குப்பை இல்லை என்றால் மூட்டை இல்லை. மூட்டை இல்லை என்றால் மாடிப்படி இல்லை. மாடிப்படி இல்லை என்றால் நாலு மணிக்கெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடலாம். குளித்து, சட்டை மாற்றி, நடந்தே போனாலும் ஆறு மணிக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் நிற்கலாம். மனக்கணக்குப் போடப்போட இயேசுதாசனுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. நாட்டைச் சுத்தம் பண்ணுகிற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. சுமக்கிற ஆளுக்குத்தான் தெரியும், போடுகிறவன் கை எவ்வளவு நீளம் என்று.

"குடிக்கிறதுக்குத்தான் வழி தெரியலே" என்றது சந்திரமதி. "டிரம்ல பார்லித் தண்ணி, எலுமிச்சைத் தண்ணி வெச்சிரலாம். கண்ணாடி கிளாஸ் குடுக்க மாட்டேங்கிறான் சாப்பாட்டுக்காரன், போன தரம் உடைச்சிட்டாங்களாம். காகிதக் கப் வெச்சா தொட்டி நிறைஞ்சுரும்."

கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாத இயேசுதாசன் தொண்டையைச் செருமினார்.

"எங்க கோயில்ல அந்தோணியார் சபையில எவர்சில்வர் டம்ளர் இருக்கு, மிஸ். ஐம்பது இருக்கும். கேட்டா குடுப்பாங்க."

"ஐம்பது போதுமாண்ணே? இருநூறு பேர் வராங்க."

"திருநாளுக்கு ஐந்நூறு பேர் வருவாங்க மிஸ், எங்களுக்கு. அதே டம்ளர்தான். எல்லாரும் குடிச்சிருவாங்க."

சந்திரமதி ஒரு கணம் யோசித்தது. அதன் வீட்டிலும் ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு சொம்பு, வந்தவர் போனவர் எல்லாரும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். பூவம்மா வீட்டிலும் அப்படித்தான். அஜீஸ் மட்டும் மூக்கைச் சொறிந்தார்.

"ஆமா, போதும்தான்" என்றது சந்திரமதி.

சபைத் தலைவர் டம்ளர் கொடுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "சனிக்கிழமை உங்க வீட்டு விசேஷத்துக்கே இதுதான் வேணும், தாசு. ஆறு மணிக்கு இங்க திரும்பி வந்துரணும். வேற டம்ளர் நம்மகிட்ட கிடையாது."

"நானே கொண்டு வந்துருவேங்க" என்றார் இயேசுதாசன். எப்படியும் வரத்தானே போகிறோம், கையோடு வரட்டும் என்று தோன்றிற்று.

சனிக்கிழமை காலையில் செடிகளை மாடிக்கு ஏற்றினார்கள். பூவம்மாவின் கறிவேப்பிலை பழைய பெயிண்ட் வாளியில் நின்றபடி மேடைக்கு ஏறிற்று. கிடங்குக் கணக்கரின் பேரரளி வந்தது. யாரோ ஒரு சீனக் கிழவர் தம் ஆர்க்கிட் செடியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து, இருட்டு மூலையில் வைக்காதே என்று மலாய் மொழியில் மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். இயேசுதாசன் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு, துண்டோடும் சோப்போடும் பையில் வைத்து, அஜீஸின் வேனில் கொக்கியில் மாட்டியிருந்தார். டம்ளர்களைப் பார்லி டிரம் பக்கத்தில் பளபளவென்று அடுக்கினார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

பத்தரை மணிக்கு இடைவேளை விட்டார்கள். இருநூறு பேர் கூட்டமாக டிரம் பக்கம் வந்தார்கள். முதல் ஆள் மூவாரிலிருந்து வந்த கடைக்காரர், குண்டான மனிதர், கழுத்தில் பச்சை டை. பூவம்மா மொண்டு கொடுத்தாள். அவர் டம்ளரை வாயில் வைத்தார். உதட்டை நன்றாகப் பொருத்தி, கண்ணை மூடி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினார். ஆஹ் என்று சொல்லிவிட்டு மேஜையில் வைத்தார்.

பூவம்மா டம்ளரைப் பார்த்தாள். பிறகு இயேசுதாசனைப் பார்த்தாள்.

இரண்டாவது ஆளும் வாய் வைத்தார். மூன்றாவது ஆளும். உலகத்தில் பாதிப் பேர் டம்ளரை உதட்டில் வைத்துத்தான் குடிக்கிறார்கள் என்பது இயேசுதாசனுக்குத் தெரியாத சங்கதியா? கோப்பிக்கடையில் தினம் பார்க்கிறவர்தானே. ஆனால் சபை டம்ளர் என்றால் அண்ணாந்துதான் குடிப்பார்கள் என்று மனசு தானாக நினைத்துக்கொண்டுவிட்டது. டம்ளருக்கு ஏற்ற மாதிரி வாயும் மாறிவிடும் என்று எண்ணிய மாதிரி.

கண்மூடித் திறப்பதற்குள் ஐம்பது டம்ளரும் எச்சிலாகி மேஜை முழுக்க நின்றன. பின்னால் வரிசை மாடிப்படி வரைக்கும் போயிற்று.

"இப்ப என்ன பண்றதுண்ணே?" என்றாள் பூவம்மா. "இந்தா, இவரு அடுத்தவன் வாய் வெச்ச டம்ளர்ல குடிக்க மாட்டாரு. மூஞ்சியைப் பாருங்க."

இயேசுதாசன் ஒரு டம்ளரைக் கழுவி எடுத்து, பார்லித் தண்ணீர் மொண்டு, முன்னால் நின்ற ஈப்போக் கடைக்காரருக்குச் செய்து காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்தார், கையை உயர்த்தினார், ஒரு சாண் உயரத்திலிருந்து நேராகத் தொண்டைக்குள் விட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சர்க்கஸ் பார்த்த மாதிரி. ஈப்போக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொடு கொடு என்று வாங்கி அவரும் அண்ணாந்தார். பார்லித் தண்ணீர் மூக்கில் ஏறி, மோவாயில் வழிந்து, சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை நனைத்தது. இருமி முடித்துவிட்டு, வாயில் வைத்தே குடித்தார்.

பாஸ் மிஸ்டர் லிம் படியில் நின்றபடி சந்திரமதியைக் கையால் கூப்பிட்டார். அவர் பேசியது கேட்கவில்லை. முகம் மட்டும் தெரிந்தது. சந்திரமதி திரும்பி வந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது.

"தேக்காவுல காகிதக் கப் கிடைக்கும், வாங்கிட்டு வரச் சொல்றாரு."

"வாங்கினா?" என்றார் இயேசுதாசன்.

"ஐந்நூறு, ஆயிரம் கப் ஆகும்ண்ணே. மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

அவர் மூடிய கண்ணுக்குள் சாக்குகளைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். மச்சினன் தட்டோடு ஃபாதர் முன்னால் நிற்பதைப் பார்த்தார்.

"வேணாம் மிஸ். நான் கழுவுறேன்."

"எப்படிண்ணே தனியா?"

"நான் எங்க போயிட்டேன்" என்று பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

சந்திரமதி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தது. பிறகு, "போதும்னு நானும்தானே சொன்னேன்" என்றது, யாருக்கோ சொல்கிற மாதிரி. அஜீஸைக் கூப்பிட்டு, பஃபலோ ரோட்டில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடைக்கு வேனோடு அனுப்பியது. "டம்ளர் எத்தனை இருந்தாலும் அள்ளிட்டு வாங்க பாய். நான் பாஸ்கிட்ட பேசிக்கிறேன்."

அஜீஸ் வருகிறவரைக்கும் பின்பக்கக் குழாயடியில் இரண்டு வாளி. ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். பூவம்மா தேய்ப்பாள், இயேசுதாசன் அலசித் துடைத்துக்கொண்டு ஓடுவார். ஐந்து டம்ளர் கொண்டுபோய் வைத்தால் ஏழு எச்சில் டம்ளர் திரும்பி வரும். மத்தியானம் அஜீஸ் இரண்டு சாக்கு நிறைய டம்ளர் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அப்போதும் கழுவுவது நிற்கவில்லை. சாப்பாட்டில் காரம் தூக்கலாக இருந்தது. ஆளாளுக்கு நாலு தடவை தண்ணீருக்கு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புது டம்ளர்.

"குப்பை மிச்சம், தண்ணி போச்சு" என்றாள் பூவம்மா, குழாயைத் திறந்துகொண்டே. "தண்ணி கம்பெனிக்காரன் வந்து பிடிக்கப் போறான் இப்ப."

"வாயை மூடிட்டுத் தேய்யேன்."

"அவங்க வாயை மூடியிருந்தா நாம ஏன் தேய்க்கிறோம்?"

இயேசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள்பட்டை வலித்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, யாருடைய கையோ மாதிரி இருந்தது.

மாநாடு நாலு மணிக்கு முடிந்தது. கடைக்காரர்கள் கைகுலுக்கிக் கிளம்பினார்கள். சிரம்பானிலிருந்து வந்த ஒருவர் போகிறபோக்கில் மேடையிலிருந்த கறிவேப்பிலையில் கைநிறைய ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டதைப் பூவம்மா குழாயடியிலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடிப்போய்ச் சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. "நல்லாத் தின்னு" என்று மட்டும் சொன்னாள்.

குப்பைத் தொட்டியில் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் எலும்பும், எலுமிச்சைத் தோலும், ஒரு கிழிந்த உறையும். அடியில் கிடந்தது. பாதிகூட இல்லை. மிஸ்டர் லிம் வந்து பார்த்தார், காலையில் பார்த்த முகமே இல்லை அது. போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தொட்டியைச் சுற்றி எல்லாரும் நிற்க வேண்டுமாம். சந்திரமதி, பூவம்மா, இயேசுதாசன், எல்லாரும். கேமராவில் ஃபிலிம் தீர்ந்திருந்தது. வேறு ஃபிலிம் வாங்க ஆள் ஓடினான்.

இயேசுதாசன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். கழுவிய டம்ளர் எல்லாம் குழாயடியில் மலையாகக் கிடந்தன. சபை டம்ளரும் கடை டம்ளரும் ஒன்றோடொன்று கலந்து போய்.

போட்டோ முடிந்ததும் குழாயடிக்கு ஓடினார். சபை டம்ளரின் அடியில் அ.ச. என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கடை டம்ளரில் கடைக்காரரின் பேர். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பூவம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இயேசுதாசன் நாற்பது வயசுக்கு மேல் இரவுப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர். அச்செழுத்து என்றால் ஓடும், இந்தப் புள்ளி எழுத்துக்குக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. பத்து டம்ளர் பிரிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா அடியும் ஒன்று மாதிரியே மின்னிற்று.

செடிகளை இறக்கி வைத்துவிட்டு அஜீஸ் வந்தார். "மணி என்ன தெரியுமா தாசு? அஞ்சரை."

"இதைப் பிரிக்கணும் பாய்."

"பிரிச்சு?"

"சபை டம்ளரைக் கொண்டுபோகணும்."

"எல்லாத்தையும் அள்ளு. அங்க போய்ப் பிரிச்சுக்க. கடைக்காரனுக்கு நான் திங்கக்கிழமை குடுத்துக்கிறேன். உன் பொண்ணு நிச்சயதார்த்தத்துல நான் வேன்ல உக்காந்து எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கவா?"

சாக்குகளில் அள்ளிப் போட்டார்கள். பூவம்மா ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பையில் திணித்தாள். "சிரம்பான்காரன் விட்டு வெச்சது. சமையலுக்கு ஆகும். ஓடுங்கண்ணே."

குளிக்க நேரமில்லை. ஓடுகிற வேனின் பின்னால், டம்ளர் சாக்குகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, ஈரப் பனியனுக்கு மேலேயே புதுச் சட்டையைப் போட்டார். இஸ்திரி மடிப்பு மடிப்பாகவே இருக்க, ஈரம் மட்டும் உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது. புக்கித் தீமா ரோட்டில் ஏதோ நெரிசல். வேன் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. நிற்கும்போதெல்லாம் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. மண்டப வாசலில் இறங்கியபோது கோயில் கடிகாரம் ஆறே காலைக் காட்டிற்று.

ஒரு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட இரண்டு பங்கு வந்திருந்தார்கள். சர்பத் டிரம் ஓரத்தில் திறந்தபடி இருந்தது. குடிக்க ஒரு டம்ளர் இல்லாமல் அத்தனை பேரும் வெயிலில் வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஃபாதர். அவருக்கு ஒரு பக்கம் தட்டோடு சூசைநாதன். இன்னொரு பக்கம் தட்டோடு அல்போன்சம்மாளின் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

சாக்கு சலசலத்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

சூசைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். "இன்னைக்கும் குப்பையா, சம்பந்தி?"

அவர் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது, ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆனி ஃபாதருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

இயேசுதாசன் சாக்கைக் கீழே இறக்கினார். வாயைப் பிரித்துக் காட்டினார்.

"குப்பை இல்லீங்க. டம்ளர். காலையிலேருந்து கழுவிக்கிட்டு இருந்தேன்." இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாநாடு, பார்லித் தண்ணீர், மூவார்க்காரர் எல்லாம் ஒரே சமயத்தில் நாக்கு நுனிக்கு வந்து, எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றன. "குப்பையே இல்லீங்க இன்னைக்கு" என்று முடித்துக்கொண்டார்.

சூசைநாதன் மச்சினன் பக்கம் திரும்பினார். "தம்பி, தட்டை அவர்கிட்ட குடுத்துருங்க." பிறகு ஃபாதரிடம், கொஞ்சம் எரிச்சலாகவே, "நானும் இவருதான் வரணும்னு கால் மணி நேரமா நிக்கிறேன் ஃபாதர். மாமன்காரன்கிட்ட தட்டு மாத்துறதுக்கா நான் வந்தேன்? ஆரம்பிங்க" என்றார்.

தட்டு கைக்கு வந்தபோது, வெற்றிலை, பழம், பூ, மோதிரப் பெட்டியோடு அது கனத்தது. இயேசுதாசனின் பிடி வழுக்கிற்று. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்கள். ஆனி ஒரு எட்டு முன்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் தட்டின் அடியில் தன் கையைக் கொடுத்தாள். ஃபாதர் ஜெபம் சொன்னார். தட்டுகள் மாறின.

பிறகு சாக்குகளை அவிழ்த்தார்கள். இருநூறு டம்ளர் மேஜையில் வந்து நின்றது. யாரும் அத்தனையையும் தொடவில்லை. இருபது டம்ளர் எடுத்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. ஒருவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தார், அவர் ஊற்றிக்கொண்டு அடுத்தவருக்கு. டம்ளர் உதட்டில் படாமல் வரிசை வரிசையாக நகர்ந்துபோயிற்று. மீதி நூற்றியெண்பதும் கழுவின ஈரத்தோடு மேஜையில் சும்மா நின்று பளபளத்தன. இயேசுதாசன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைநாதன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம் கையிலிருந்த டம்ளரிலிருந்து பாதியை அண்ணாந்து குடித்துவிட்டு, மீதியை நீட்டினார்.

"குடிங்க சம்பந்தி. முகமே வாடிக் கிடக்கு."

இயேசுதாசன் வாங்கினார். கையை உயர்த்தப் பார்த்தார். தோள்பட்டை பாதி வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. இன்னொரு தரம் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். டம்ளரை உதட்டில் வைத்து, நன்றாகப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, மூவார்க் கடைக்காரர் குடித்த மாதிரியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குளிர்ச்சி நெஞ்சு வரை இறங்கிற்று. இத்தனை வயசில் இது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது.

கண்ணைத் திறந்தபோது சூசைநாதன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் வெச்சிட்டீங்களே சம்பந்தி. அதைக் கழுவணுமே."

"கழுவணும்" என்றார் இயேசுதாசன். டம்ளரை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "நாளைக்குக் கழுவுறேன்."